முகம் பார்க்கிற தரை

போன மாதம் யுவராஜ் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். என்னிடம் ஜூனியராக வேலை பார்த்தவன். இப்போது பாரிவாக்கம் பக்கம் ஒரு பெரிய கிடங்கில் கட்டடப் பராமரிப்பைக் கவனித்துக்கொள்கிறான். படத்தில் மேசைமேல் நான்கு சதுரத் துண்டுகள் இருந்தன. ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்று சாம்பல், இன்னொன்று தயிர்சாத நிறம். கீழே ஒரு கேள்வி: ‘சார், புது ஃப்ளோரிங் போடுறோம். இதுல எது பெஸ்ட்?’

நான் பதில் எழுதினேன்: ‘உங்கள் ஆட்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவார்களா, மாட்டார்களா? அதை முதலில் சொல்.’

ரொம்ப நேரம் பதிலே இல்லை. பிறகு கை கூப்பிய பொம்மை ஒன்று வந்தது. பெரியவருக்கு மறை கழன்றுவிட்டது என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் மரியாதையாகச் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. வேலையில் இருந்தபோது கோபம் வந்தால் கத்துவேன். இப்போது கத்தினால் வீட்டில் ரத்த அழுத்த மாத்திரையை நீட்டுகிறார்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சிவில் டிப்ளமா முடித்த கையோடு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். அங்கேயே ஓய்வும் பெற்றேன். நடுவில் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொழிற்சாலைத் தரையைக் கொல்கிற எதிரிகள் நான்கு பேர். ஃபோர்க்லிஃப்ட் சக்கரம், மெஷினிலிருந்து ஒழுகும் எண்ணெய், கீழிருந்து ஏறும் ஈரம், மேலிருந்து இறங்கும் ஆர்டர். முதல் மூன்றுக்கும் கடையில் மருந்து கிடைக்கும்.

நாலாவதைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் ஆலைத் தலைவர் பத்மநாபன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், நாலாக மடித்த கைக்குட்டை. அந்தக் கைக்குட்டைதான் அவருடைய பரிசோதனைக் கூடம். ஷெட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பவர் திடீரென்று குனிந்து அதால் தரையில் ஒரு இழு இழுப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேசாமல் அதை எதிரே நிற்பவனிடம் நீட்டுவார். அவன் அதை வாங்குவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் விழிப்பான். பாவி மனிதர் என்று சொல்லிவிடவும் முடியாது. யார் வீட்டிலாவது உடம்பு சரியில்லை என்றால் தன் காரையே அனுப்பி வைப்பார். ஆனால் பளபளப்பு என்ற ஒரு விஷயத்தில் அவருக்குப் பித்துப் பிடித்திருந்தது.

என்னை அவர் ‘குமரேசா’ என்று கூப்பிட்டால் ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று அர்த்தம். ‘மிஸ்டர் குமரேசன்’ என்றால் வாயை மூடு என்று அர்த்தம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் ஓடியது.

புதிதாக ஒரு அசெம்பிளி ஷெட் தயாராகிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அதைப் பார்க்க வரப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. அன்று காலையே அவர் அறைக்குக் கூப்பிட்டார்.

“குமரேசா, புது ஷெட் தரையில என் மூஞ்சி தெரியணும்.”

“உங்க மூஞ்சியா சார், வர்றவங்க மூஞ்சியா?”

“யார் குனிஞ்சாலும் தெரியணும்.”

அதற்காக ஒரு கமிட்டி போட்டார்கள். வீட்டுக்குத் தரை போடும்போது புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாள் சண்டை போட்டால் கலர் முடிவாகிவிடும். கம்பெனியில் அப்படி முடியாது. கணக்குப் பிரிவுக்கு மலிவானது வேண்டும். தரக்கட்டுப்பாட்டுக்கு வெள்ளை வேண்டும், ஏனென்றால் தூசி தெரியும். உற்பத்திப் பிரிவுக்கு வெள்ளை கூடவே கூடாது, ஏனென்றால் தூசி தெரியும். பாதுகாப்பு அதிகாரி ராஜமாணிக்கத்துக்கு மஞ்சள் கோடு வேண்டும். தரை எதுவாக இருந்தாலும் அவருக்கு ஆட்சேபணை இல்லை, கோடு இருந்தால் போதும். அந்தத் தரையில் என்ன வேலை நடக்கும், எது சிந்தும், எது உருளும், யார் நடப்பார்கள் என்று நான் கேட்டேன். கூட்டக் குறிப்பில் அதை ‘இதர விஷயங்கள்’ என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்தது கான்ட்ராக்டர் தேர்வு. எங்கள் கம்பெனியில் ஒரு விளக்குமாறு வாங்கவும் மூன்று கொட்டேஷன் வேண்டும். முதலில் வந்தவர் கோட் போட்டுக்கொண்டு லேப்டாப்போடு வந்தார். அவர் போட்ட தரையில் விமானம் நிற்கிற மாதிரி ஒரு படம் காட்டினார். எங்கள் ஷெட்டில் விமானம் நிறுத்தும் உத்தேசம் இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. இரண்டாவது ஆள் கணக்குப் பிரிவில் யாருக்கோ சகலை. ஆவடியில் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். பூஜையறைக்கு ஏற்ற தாமரைப் பூ போட்ட டைல்ஸ் ஒன்றைக் காட்டிவிட்டு, எங்கள் மேசையில் இருந்த பிஸ்கட்டை முடித்துவிட்டுப் போனார்.

மூன்றாவதாக வந்தவர் ஏழுமலை. அயனம்பாக்கத்துக்காரர். அப்பா காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். நிலம் பிளாட் ஆன பிறகு இவர் எபாக்ஸி வேலைக்கு வந்துவிட்டார். எபாக்ஸி என்பது இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுவது. காய்ந்ததும் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். ஒரு கான்கிரீட் பலகையில் அதைப் பூசி எடுத்து வந்திருந்தார். பலகையைக் கூட்ட அறை மேசையில் தொம்மென்று வைத்து, பக்கத்தில் ஒரு சுத்தியலையும் வைத்தார்.

“பேசறது இன்னாத்துக்கு சார்? இந்தா சுத்தி. அடிச்சிப் பாருங்க.”

பத்மநாபன் சார் சுத்தியலை ஒதுக்கி வைத்துவிட்டுப் பலகைமேல் குனிந்தார். மீசையின் இடது பக்கத்தைப் பார்த்தார், வலது பக்கத்தைப் பார்த்தார். ஏழுமலை என் காதருகே வந்து, “இன்னா சார், அடிக்கச் சொன்னா மேக்கப் பாத்துகினு கீறாரு?” என்றார். அப்போதே கான்ட்ராக்ட் யாருக்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இங்கே ஒரு செய்முறையை யுவராஜுக்காகவே எழுதி வைக்கிறேன். எந்தக் கான்ட்ராக்டர் வந்தாலும், எந்தக் கலர் பிடித்தாலும், அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நல்ல கனமான பாலிதீன் ஷீட்டைப் பாய் அளவுக்கு வெட்டிக்கொள். பழைய கான்கிரீட் தரையில் விரித்து, காற்றுப் புகாமல் நாலு பக்கமும் டேப் ஒட்டு. மறுநாள் பிரித்துப் பார். ஷீட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அதை அடைக்கும் பூச்சு பூசாமல் மேலே என்ன ஊற்றினாலும் நாளைக்கு அப்பளமாக எழும்பி நிற்கும். ஏரிகளை ஒட்டி வளர்ந்த நம் ஊர்ப் பக்கம் இந்தச் சோதனையைச் செய்யாதவன் தரைக்குப் பொறுப்பேற்கக் கூடாது.

நான் செய்தேன். ஷீட்டைத் தூக்கியபோது அடியில் நீர் நின்றது. பத்மநாபன் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இது வேர்வை குமரேசா. மெட்ராஸ்ல யாருக்கு வேர்க்காது?” என்றார்.

ஆனாலும் ஈரத்தடுப்புப் பூச்சுக்கு ஒப்புக்கொண்டார். அது அடியில் போய்விடுவதால் பளபளப்பைக் கெடுக்காது அல்லவா? மணலுக்குத்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

மணல் விஷயத்தை எடுத்தவர் ஏழுமலை. “தண்ணியோ ஆயிலோ பட்டா இது வயுக்கும் சார். கடைசிப் பூச்சுக்கு முன்னாடி பொடி மணல் தூவி உட்டா கால் புடிச்சிக்கும். ஆனா பளபளப்பு கொஞ்சம் மட்டாயிடும்.”

“எவ்வளவு மட்டாகும்?” பத்மநாபன் சாரின் குரல், டாக்டரிடம் ரிசல்ட் கேட்கிறவரின் குரலாக மாறிவிட்டது.

“மூஞ்சி தெரியாது சார். ஆளு நிக்கறது மட்டும் தெரியும்.”

“வேண்டாம்.”

“வேணாம்னா உடுங்க சார். எனக்கு ஒரு நாள் வேலை மிச்சம்,” என்று ஏழுமலை சந்தோஷமாகத் தலையாட்டினார். நல்லவர்தான், ஆனால் கிடைக்கப் போகிற வேலையைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு நல்லவர் இல்லை.

நான் விடவில்லை. அந்த ஷெட்டின் ஒரு ஓரத்தில் உதிரிபாகங்களைக் கழுவும் மெஷின் வரப்போகிறது. கழுவிய பாகங்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு போவார்கள். தண்ணீர் சொட்டத்தான் செய்யும். “சார், அந்த மெஷின் பக்கம் மட்டுமாவது மணல் போடலாம்,” என்றேன்.

“தரை நடக்கிறதுக்கு மட்டுமில்ல குமரேசா. பார்க்கிறதுக்கும்தான்.”

“பார்த்துக்கிட்டே நடந்தா விழுந்துடுவாங்க சார்.”

“மிஸ்டர் குமரேசன்,” என்றார். கூட்டம் முடிந்தது.

வேலை நன்றாகத்தான் நடந்தது. கான்கிரீட் தரையை மெஷினால் தேய்த்து, ஈரத்தடுப்பு பூசி, அதன்மேல் சாம்பல் நிறத்தை ஊற்றினார்கள். ஊற்றிய ஈரத்தில் தடம் விழாமல் நடப்பதற்காக ஏழுமலையின் ஆட்கள் அடியில் ஆணி வைத்த செருப்பு போட்டிருந்தார்கள். கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். அந்தத் தரையில் காலில் ஏதோ போட்டுக்கொண்டு தைரியமாக நடந்த கடைசி மனிதர்கள் அவர்கள்தான். எப்படி என்று சொல்கிறேன்.

தரை காய்ந்து முடிந்ததும் ஆயுத பூஜை வந்தது. புது ஷெட், புது மெஷின், புதுத் தரை. அங்கேயே பூஜை என்று முடிவாயிற்று. பூஜைக்கு முன் ஒரு தனிக் கூட்டம் நடந்தது. கற்பூரத்தைத் தட்டோடுதான் ஏற்ற வேண்டும், தட்டுக்கு அடியில் செங்கல் வைக்க வேண்டும், செங்கல்லுக்கு அடியில் சாக்கு போட வேண்டும். திருஷ்டிப் பூசணிக்காயை ஷெட் வாசலில் உடைக்கக் கூடாது, குங்குமம் தெறிக்கும். கேட்டுக்கு வெளியேதான் உடைக்க வேண்டும். இதெல்லாம் தீர்மானமாக எழுதப்பட்டது. பூசணிக்காயை ஏந்தியவர் ஷெட்டில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு அதை ஒரு கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்தார்.

பூஜை என்பதால் எல்லாரும் காலணியை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. விடுமுறை முடிந்து முதல் ஷிப்டுக்கு வந்த ஆள் வாசலில் நின்றான். உள்ளே மெஷின்களில் சந்தனமும் குங்குமமும் காயாமல் இருந்தன. தரையில் அவன் முகம் தெரிந்தது. பூஜை போட்ட இடத்துக்குள் ஷூவோடு எப்படிப் போவது? கழற்றினான். பின்னால் வந்தவனும் கழற்றினான். அதற்குப் பின்னால் வந்தவர்கள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. யாரும் உத்தரவு போடவில்லை. கம்பெனி வரலாற்றிலேயே உத்தரவு போடாமல் எல்லாரும் ஒன்றாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பத்மநாபன் சார் வந்து பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். “பார்த்தியா குமரேசா? இதுதான் ஓனர்ஷிப்,” என்றார்.

ராஜமாணிக்கம் மெதுவாகச் சொன்னார்: “சார், ரூல்படி பாதுகாப்பு ஷூ போட்டுத்தான் உள்ள...”

“ராஜமாணிக்கம், நீங்க வீட்டுக்குள்ள ஷூவோட போவீங்களா?”

உங்கள் வீட்டுக்குள் பிரஸ் மெஷின் ஓடுகிறதா சார் என்று திருப்பிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. எனக்கு வந்தது, ஆனால் அன்று காலைதான் ஒரு ‘மிஸ்டர் குமரேசன்’ வாங்கியிருந்தேன்.

பிறகு செருப்பு ஸ்டாண்டு வாங்க மூன்று கொட்டேஷன் கேட்டார்கள். ஸ்டாண்டு வந்ததும் அதற்கு மேல் ஒரு போர்டு: ‘காலணிகளை இங்கே விடவும்.’ வாசலின் மறுபக்கத்தில் ஏற்கெனவே ஒரு போர்டு இருந்தது: ‘பாதுகாப்புக் காலணி அணியாமல் உள்ளே நுழையாதீர்.’ இரண்டையும் எழுதியவர் ஒரே பெயின்டர். புது போர்டை முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கி வந்தவர் என்னிடம், “சார், ரெண்டுல எத்தக் கேக்கறது?” என்றார். “எழுத்து பெருசா இருக்கிறதை,” என்றேன். புது போர்டின் எழுத்துதான் பெரியது.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வரும் நாள் வந்தது. அவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்ல முடியாது. ஷூவோடு நடக்கவிடவும் பத்மநாபன் சாருக்கு மனம் வரவில்லை. கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்கு விடும் கடையிலிருந்து சிவப்புக் கம்பளம் கொண்டுவந்து வாசலிலிருந்து கடைசி மெஷின் வரைக்கும் விரித்தார்கள். விருந்தாளிகள் அதன்மேல் நடந்தார்கள், மெஷின்களைப் பார்த்தார்கள், கை குலுக்கினார்கள். யாருக்காக அந்தத் தரையைப் போட்டோமோ அவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. போகும்போது அவர்களில் ஒருவர் கம்பளம் மிக அழகாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

இதுவரை நடந்ததையெல்லாம் நான் வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறேன். தேசம்மா விழுந்த நாளுக்குப் பிறகு சிரிப்பு கொஞ்சம் நின்றுபோயிற்று.

தேசம்மா முத்தாபுதுப்பேட்டைக்காரி. வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கழுவிய பாகங்களைத் தட்டில் அடுக்கி அசெம்பிளிக்குக் கொண்டுபோவது அவள் வேலை. பல வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. ஒப்பந்தத் தொழிலாளிகளுக்குக் கழுத்தில் சிவப்புப் பட்டை போட்ட அடையாள அட்டை, கம்பெனி ஆட்களுக்கு நீலப் பட்டை. நிரந்தரம் ஆக்கப் போகிறவர்களின் பட்டியலில் அந்த வருடம் அவள் பேர் இருந்தது. நீலப் பட்டை வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். ஆனால் பட்டியலில் உள்ளவர்மேல் ‘கவனக்குறைவு’ என்று ஒரு வரி விழுந்தால் போதும், பேர் போய்விடும். சிவப்புப் பட்டைகூட மிஞ்சுமா என்பது சந்தேகம்தான்.

கார்த்திகை மாதம், விடாத மழை. நான் பக்கத்து ஷெட்டில் இருந்தேன். தட்டு விழுந்து பாகங்கள் சிதறும் சத்தம் கேட்டு ஓடினேன். கழுவும் மெஷின் பக்கத்தில், நான் மணல் கேட்ட அதே இடத்தில், தேசம்மா வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு கோணியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது இதுதான்:

“சார், தட்டு உயுந்துச்சே, தரைக்கு ஒண்ணும் ஆவலையே?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளபடியே சொல்கிறேன், அந்தத் தரையைக் கடப்பாரையால் பெயர்த்து எறிய வேண்டும் போலிருந்தது.

மறுநாள் ராஜமாணிக்கம் விபத்து அறிக்கையின் வரைவைக் காட்டினார். காரணம் என்ற இடத்தில் ‘பாதுகாப்புக் காலணி அணியாதது, தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தார்.

“அவ மட்டுமாய்யா கழட்டினா? ஷெட்டே வெறுங்காலோட நிக்குது!”

“விழுந்தது அவ மட்டும்தானே சார்?” என்றார் ராஜமாணிக்கம். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான். காரணம் காலணி இல்லையென்றால் தரை. தரை என்றால் மணல் ஏன் போடவில்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி யார் அறைக்குப் போய் நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

நானே அந்த அறைக்குப் போனேன். “சார், அந்தப் பொண்ணு பொழப்பு போயிடும்,” என்றேன். பத்மநாபன் சார் தலை நிமிரவில்லை.

“விசாரணைன்னு ஒண்ணு இருக்கில்ல, மிஸ்டர் குமரேசன்?”

விசாரணை அடுத்த வாரம் நடந்தது. குழுவில் நான்கு பேர். பத்மநாபன் சார், ராஜமாணிக்கம், தரைக்குப் பொறுப்பாளி என்ற முறையில் நான், பிறகு எச்.ஆர். பிரிவிலிருந்து குறிப்பெடுக்கப் பெனிட்டா. நாகர்கோவில் பக்கத்துப் பெண். திருவேற்காட்டில் ஃபிளாட்டில் தோழிகளோடு தங்கியிருந்தாள். வேலையில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. விசாரணையில் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளும் அதை அப்படியே நம்பியிருந்தாள்.

கூட்ட அறையில் வரைவைப் படித்தார்கள். நான் மணல் பற்றிப் பேசினேன், பெனிட்டா எழுதினாள். ராஜமாணிக்கம் விதி எண்ணைச் சொன்னார், அதையும் எழுதினாள். பிறகு, விபத்து நடந்த இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை என்பதால், எல்லாரும் புது ஷெட்டுக்கு நடந்தோம். தேசம்மாவை நேராக அங்கே வரச் சொல்லியிருந்தார்கள்.

வாசலில் நான்கு பேரும் காலணியைக் கழற்றினோம். யோசித்துச் செய்யவில்லை. பேசிக்கொண்டே கால் தானாகக் கழற்றியது, என் காலும்தான். ஸ்டாண்டில் வைத்துவிட்டு உள்ளே போய் அந்த இடத்தில் வட்டமாக நின்றோம். பெனிட்டா வெறுங்கால். நாங்கள் மூன்று பேரும் சாக்ஸ். ராஜமாணிக்கத்தின் சாக்ஸில் ஓட்டை விழுந்து பெருவிரல் வெளியே வந்திருந்தது. அந்த விரலாலேயே தரையில் இடத்தைச் சுட்டிக்காட்டி அவர் ஆரம்பித்தார்: “மேற்படி தொழிலாளி, இந்த இடத்தில், பாதுகாப்புக் காலணி எதுவும் அணியாமல்...”

அப்போது வாசலில் டக், டக் என்று சத்தம் கேட்டது.

தேசம்மா வந்துகொண்டிருந்தாள். வலது கை மாவுக்கட்டோடு கழுத்துத் தூளியில் தொங்கியது. புடவைக்குக் கீழே கறுப்புப் பாதுகாப்பு ஷூ, நாடா இறுக்கிக் கட்டியிருந்தது. அது போடாததுதான் குற்றம் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்காவது ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போவோம் என்று வந்திருக்கிறாள். கனமான அந்த ஷூவோடு புதுத் தரையில் அவள் நாலு அடி வைத்திருப்பாள்.

“ஏம்மா! ஏம்மா!” பத்மநாபன் சாரின் குரல் ஷெட் முழுக்க எதிரொலித்தது. “செருப்பைக் கழட்டிட்டு வாம்மா! போர்டு கண்ணுக்குத் தெரியல?”

அவள் அப்படியே நின்றாள். பிறகு கஷ்டப்பட்டுக் குனிந்து இடது கையால் நாடாவை இழுத்தாள். முடிச்சு வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

“ஒத்தக் கையால அவுக்க வர்ல சார். காலைல எங்க ஊட்டுக்காரருதான் கட்டி உட்டாரு. யாராச்சும் அவுத்து உட்டா கயட்டிடுவேன்.”

பெனிட்டா பேனாவோடு நிமிர்ந்தாள். “சார், இதையும் எழுதிக்கணுமா?” என்றாள். அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு துளி குசும்பு இல்லை.

“எதை?” என்றார் பத்மநாபன் சார்.

“நீங்க இப்ப சொன்னத, சார்.”

அவர் பெனிட்டாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அன்று மட்டும் அவர் மிஸ்டர் போடாமலேயே சும்மா இருந்தேன். “கழட்ட வேண்டாம்மா. அப்படியே வா,” என்றார் கடைசியில்.

அவள் வந்து நின்றதும் ராஜமாணிக்கத்துக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. படிவத்தில் இருந்த அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார். “விழுறப்போ கால்ல என்ன போட்டிருந்தீங்க?”

தேசம்மா எங்கள் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“நீங்க அல்லாரும் இப்ப இன்னா போட்டுகினு கீறீங்களோ, அத்தான் சார்.”

ராஜமாணிக்கம் பெருவிரலை உள்ளே மடக்கிக்கொண்டார். பெனிட்டா எழுதும் சத்தம் மட்டும் கேட்டது. பத்மநாபன் சார் வாசலுக்கு நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். ஸ்டாண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைப் போட்டார். நாடாவைக் கட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து, ஷூவோடு உள்ளே நடந்து வந்தார். வெளியே மழை ஈரம். பின்னால் தடம் விழுந்துகொண்டே வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“பெனிட்டா, கவனக்குறைவுங்கிற வரியை அடிச்சிடுங்க. தரை வழுக்குது, மேல்பூச்சு மாத்தணும்னு எழுதுங்க. குமரேசா, ஏழுமலையை வரச் சொல்லு. மணலோட.” பிறகு தேசம்மாவிடம், “கை சரியானதும் வேலைக்கு வாம்மா. லிஸ்ட்ல உன் பேர் இருக்கு. அதை யாரும் எடுக்க மாட்டாங்க,” என்றார்.

தேசம்மா இடது கையால் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போவதற்குத் திரும்பியவள் இரண்டடி வைத்துவிட்டு நின்றாள். வாசலில் இருந்த இரண்டு போர்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்:

“வேலைக்கு வரசொல்லோ இத்தப் போட்டுகினு வரதா, வாசல்லயே உட்டுட்டு வரதா சார்?”

பத்மநாபன் சாரும் அந்தப் போர்டுகளைப் பார்த்தார். தானே எழுதச் சொன்ன பெரிய எழுத்தை அன்றுதான் முதல் தடவையாகப் படிக்கிறவர் மாதிரி படித்தார்.

“போட்டுக்கிட்டே வாம்மா,” என்றார். அப்புறம் பெனிட்டா பக்கம் திரும்பி, “இதை எழுதிக்குங்க,” என்றார்.